அறுபத்தோராவது நாள்

நவம்பர் 9, சனி

இன்று முதல் முறையாக ஒருவர் என்னை வக்கீலம்மா என்று கூப்பிட்டார். கூப்பிட்டவர் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

கறுப்புக் கோட்டு மாட்டிப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் நீதிமன்றத்தில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். "சீனியர் வேற கோர்ட்ல இருக்காருங்கய்யா, ஒரு வாய்தா வேணும்." நீதிபதி பெண்ணாக இருந்தால் அய்யா இருக்கும் இடத்தில் அம்மா வரும். வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பதற்கே ஐந்து வருடம் சட்டம் படித்தேனா என்று தோன்றும். கேட்கிறபோது முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன், உடனே கிடைத்துவிடும். காளீஸ்வரி எழுந்தால் வாய்தா நிச்சயம் என்று பார் ரூமில் எனக்குப் பெயர்.

சனிக்கிழமைகளில் கிளைச் சிறைக்குப் போய்ச் சட்ட உதவி செய்யத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவித்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். படிவத்தில் சேவை மனப்பான்மை என்று எழுதினேன். அங்கேயாவது வேறு ஏதாவது பேசலாமே என்பதுதான் உள்ளுக்குள் இருந்த காரணம்.

கூப்பிட்டவர் சந்தியாகு. வயது முப்பத்து நான்கு. நூல் மில்லில் வேலை. மில்லின் செம்புக் கம்பியைத் திருடினார் என்று வழக்கு. அக்டோபர் 12 முதல் உள்ளே இருக்கிறார். பழைய அடிதடி வழக்கு ஒன்று இருப்பதால், வேறொரு வக்கீல் போட்ட இரண்டு ஜாமீன் மனுவும் தள்ளுபடி. தான் எடுக்கவில்லை என்கிறார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், பத்து தடவை சொல்வார்கள் என்று சீனியர் எச்சரித்திருந்தார். இவர் ஒரு தடவைதான் சொன்னார்.

"கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருப்பேனா வக்கீலம்மா?"

"இருப்பீங்கண்ணே."

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. சொல்லும்போது நன்றாக இருந்தது.

நவம்பர் 13, புதன்

இன்று மூன்று வாய்தா. மூன்றும் கிடைத்தன.

நவம்பர் 21, வியாழன்

சந்தியாகுவின் வழக்குக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வரி விடாமல் படித்தேன். ஒரு வழி இருக்கிறது. அது கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன்.

இது மாதிரி வழக்கில் அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அறுபத்தோராவது நாள் கைதி ஜாமீன் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பழைய வழக்கு இருக்கிறதா, திருடினாரா என்றெல்லாம் பார்க்க முடியாது. ஆனால் கேட்க வேண்டும். நாம் கேட்பதற்கு முன்னால் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை அதோடு போயிற்று.

விரல் விட்டு எண்ணினேன். டிசம்பர் 11, புதன்கிழமை. அடுக்களை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, பொண்ணு பாக்க யாரும் வாராகளா?" என்றாள். "ஒருத்தரு வீட்டுக்குப் போறாரும்மா" என்றேன்.

நவம்பர் 30, சனி

சிறையில் சந்தியாகுவிடம் விளக்கினேன். இரண்டு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார். "அப்ப டிசம்பர் பதினொண்ணு காலைல" என்றார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். என் பெயரில் வரும் முதல் வக்காலத்து இது. வெளியே வந்து அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். கூச்சமாக இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அவர் மனைவி அற்புதமும் வந்திருந்தார். அதே மில்லில்தான் வேலை, இப்போது நிறுத்திவிட்டார்கள். ஆறு வயதில் ஒரு பெண், ஜெசிந்தா. அப்பா எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"வருசா வருசம் ஸ்டார் கட்டுறது அவுக வேலைங்கம்மா. இந்த வருசம் அப்பா வந்துதான் கட்டணும், யாரும் தொடப்படாதுன்னு சட்டமா சொல்லிருச்சு. நீங்க சொன்ன தேதிய நம்பித்தான் நானும் வந்துருவாகன்னு சொல்லிட்டேன்."

அவள் சட்டம் எங்கள் சட்டத்தைவிடத் தெளிவாக இருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

சீனியர் கோதண்டராமன் சார் இன்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்காருவது மூன்றாவது தடவை.

"தை பொறந்ததும் ஒன்னைய மதுரை பெஞ்சுல என் ஃப்ரெண்டு ஆபீஸ்ல சேத்து விடுறேன். கிரிமினல் சைடுல பெரிய கை. நான் சொன்னா எடுத்துக்குவாரு. அதுவரைக்கும் இங்க எந்தச் சுணக்கமும் இல்லாம பாத்துக்க, என்ன?"

"சரிங்க சார்" என்றேன். மதுரை உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து இதற்குத்தான் காத்திருக்கிறேன். அம்மா சேமியா பாயசம் வைத்தாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

மனு தட்டச்சாகிவிட்டது. இரண்டே பக்கம். அடியில் "மனுதாரரின் வழக்கறிஞர்" என்ற இடத்தில் என் பெயர். கோப்பில் வைத்து நாடா கட்டினேன்.

மாலை சீனியர், "நாளைக்குப் பக்கத்துத் தாலுகா கோர்ட்ல நம்ம நிலக்கேஸு ஒண்ணு இருக்கு. நீ போயி ஒரு வாய்தா வாங்கிட்டு வந்துரு" என்றார்.

சரிங்க சார் என்றேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மதியம் திரும்பியதும் மனுவைக் கொடுத்துவிடலாம். அறுபத்தோராவது நாள் என்பது சாயங்காலம் வரைக்கும் அறுபத்தோராவது நாள்தானே.

டிசம்பர் 11, புதன்

வாய்தா கிடைத்தது. இரண்டரை மணிக்கு ஊர் திரும்பி மனுவைக் கொடுத்தேன்.

கோட்டோடு கட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டைக்குச் சொட்டு நீலம் போட்டேன், அதிகமாகிவிட்டது.

டிசம்பர் 12, வியாழன்

மனு தள்ளுபடி. நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டார்கள். நான் கொடுப்பதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால்.

வராந்தாவில் அற்புதம் நின்றிருந்தார். "போலீஸ்காரங்க முந்திக்கிட்டாங்கக்கா" என்றேன். பொய் இல்லை, அவர்கள் முந்திக்கொண்டார்கள். அவர் முந்தானையைச் சுற்றிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

டிசம்பர் 14, சனி

சிறைக்குப் போகவில்லை. காய்ச்சல். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடலையேடி" என்றாள்.

டிசம்பர் 16, திங்கள்

அற்புதம் மறுபடி வந்தார். எனக்காக ஒரு டப்பாவில் கல்கல் கொண்டுவந்திருந்தார். கிறிஸ்துமஸ் பலகாரம், இப்போதே சுட்டிருக்கிறார்.

"வக்கீலம்மா எம்புட்டு ஓடுனாக, அவுக மேல ஒரு குத்தமும் இல்ல, நம்ம நேரம் சரியில்லன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லச் சொன்னாகம்மா. உங்களுக்குக் காச்சலாம்ல? அதான் வெறும் வயித்துல திங்காதீக."

வாங்கிக்கொண்டேன். பார் ரூமில் வைத்துத் திறந்தேன், ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிக் காலி செய்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட ஒளித்து வைப்பதாக இருந்தால் பிறகு எதற்கு நோட்டு.

அன்று காலை பத்தே முக்காலுக்கு அந்தத் தாலுகா கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நீதிபதி விடுப்பு. கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். நீதிபதி விடுப்பு என்றால் அன்றைக்குள்ள எல்லா வழக்குக்கும் தானாகவே வாய்தா. நான் போனாலும் கிடைக்கும், போகாவிட்டாலும் கிடைக்கும். அந்த நிமிடமே பஸ் ஏறியிருந்தால் பதினொன்றே முக்காலுக்கு இங்கே வந்து மனுவைக் கொடுத்திருப்பேன். கால் மணி நேரம் முன்னால்.

நான் ஏறவில்லை. அடுத்த தேதி என்ன என்று தெரியாமல் திரும்பினால் சீனியர் முகம் சுளிப்பார். மதுரைக்கு அனுப்புவதாகச் சொல்லி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கோர்ட் குமாஸ்தா தேதி போட்டுக் கொடுக்க மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பையில் சந்தியாகுவின் மனு இருந்தது. இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். போலீஸ் எங்கே இன்றைக்கே கொண்டுவரப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முந்தின நாளே மனுவை எங்கள் குமாஸ்தா பிச்சைமணி அண்ணனிடம் கொடுத்திருக்கலாம். என் கையெழுத்தோடு காலை பத்தரைக்கு அவர் கோர்ட்டில் கொடுத்திருப்பார். கொடுக்கவில்லை. என் பெயர் போட்ட முதல் மனு, என் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக ஒரு மனிதன் உள்ளே இருக்கிறான்.

எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

புதிதாக ஒரு ஜாமீன் மனு எழுதினேன். ஐந்தாவது பத்தி இது: "மனுதாரருக்குச் சட்டப்படி கிடைத்திருக்க வேண்டிய ஜாமீன், அவருடைய வழக்கறிஞராகிய நான் எனது சீனியரின் வேறொரு வழக்குக்கு வாய்தா வாங்கச் சென்று தாமதித்ததால் இழக்கப்பட்டது. இந்தத் தவறு முழுவதும் என்னுடையது. இதற்கு மனுதாரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பிச்சைமணி அண்ணன் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டார். இருபத்தேழு வருடம் குமாஸ்தாவாக இருக்கிறார்.

"ஏம் தாயி, வக்கீலு தன் தப்பத் தானே எழுதிக் குடுத்து நான் பாத்ததே இல்ல. கச்சிக்காரன் சொல்லல, சாட்சி வரல, பஸ்ஸு வரல, இதுல ஒண்ணப் போட்டு விடுங்க. நாளப்பின்ன அந்தக் கோர்ட்டுக்குள்ள எப்பிடி நொழைவீக?"

"அடிங்கண்ணே" என்றேன்.

அடித்தார். அச்செடுத்ததை நேராகச் சீனியரிடம் காட்டியும் விட்டார். அவர் வேலை அது. சீனியர் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீனியரோட வேறொரு வழக்குன்னு இருக்கே, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துரும்மா. மிச்சத்த நீ எப்பிடி வேணா வச்சுக்க. மதுரைக்கு இன்னும் நாலு வாரந்தான் இருக்கு."

நியாயமாகத்தான் கேட்கிறார். அவர் என்னைத் தாமதிக்கச் சொல்லவில்லை. அன்று மனு இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் நான் ஏன் தாமதித்தேன் என்று நீதிபதி கேட்பார், அதற்கு ஒரு பொய் வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

சிறப்பு அனுமதி வாங்கிச் சிறைக்குப் போனேன். சந்தியாகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவில் ஒட்டியிருந்த காகிதம், பெஞ்சு, கடிகாரம், என் ஆசை எல்லாம்.

திட்டுவார் என்று நினைத்தேன். பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக் கீழே போட்டுக்கொண்டார். 

"பதினொண்ணாந்தேதி காலைல குளிச்சிட்டு, துவைச்ச சட்டையப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். பேரக் கூப்பிடுவாக, கூப்பிடுவாகன்னு. மத்தியானச் சோறுகூட வாங்கல, வீட்டுல போயித் தின்னுக்கலாம்னு."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எங்க மில்லுல நூலு வீணாப்போனா போர்டுல அந்த மிசின்காரன் பேர எழுதிப் போட்ருவாக. ஷிப்ட் முடியுற வரைக்கும் எல்லாரும் பாப்பாக. எம் பேரும் நாலஞ்சு தடவ வந்திருக்கு." பிறகு கேட்டார். "உங்க கோர்ட்ல அப்பிடி எழுதுவாகளா?"

"எழுத மாட்டாங்கண்ணே."

"நீங்க எழுதுவீகளா?"

"எழுதிட்டேன். ஒரு வரிய எடுக்கச் சொல்றாங்க."

"எடுக்காதீக" என்றார். அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. அவருக்கு என்னிடம் கேட்க உரிமை இருக்கிறது, கேட்டார்.

டிசம்பர் 20, வெள்ளி

மனுவைத் தாக்கல் செய்தேன். அந்த வரியோடு. காலை பத்து முப்பத்தொன்றுக்கு.

சீனியரிடம் நானே சொன்னேன். "சரிம்மா" என்றார். பிறகு மேசையைப் பார்த்தபடி, "போகும்போது ஆபீஸ் சாவிய வச்சுட்டுப் போ" என்றார். மதுரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அக்கா ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 23, திங்கள்

வழக்கு பதினொன்றரைக்கு வந்தது. அரசு வக்கீல் எழுந்தார். "பதில் தாக்கல் செய்ய ஒரு வாய்தா வேணுங்கம்மா. வெள்ளிக்கிழமை போட்டா சௌகரியம்."

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வக்கீல் கேட்கும் வாய்தாவை இன்னொரு வக்கீல் எதிர்ப்பதில்லை. இன்றைக்கு நீ, நாளைக்கு நான். எத்தனையோ பேர் எனக்கு அப்படி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், இந்த அரசு வக்கீலும் சேர்த்து. வெள்ளிக்கிழமை என்றால் கிறிஸ்துமஸ் முடிந்திருக்கும்.

நான் எழுந்தேன். மாஜிஸ்திரேட் அம்மா என்னைப் பார்த்ததும், "என்னம்மா, உங்களுக்கும் வாய்தாவா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. நியாயமான சிரிப்புதான்.

"வாய்தா வேண்டாங்கம்மா. இன்னைக்கே கேக்கணும்."

சிரிப்பு நின்றது. அரசு வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாஜிஸ்திரேட் அம்மா மனுவைப் புரட்டி ஐந்தாவது பத்தியில் நின்றார். வாய்க்குள் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இத நீங்களேதான் எழுதுனீங்களா?"

"ஆமாங்கம்மா."

"இதோட விளைவு தெரியுமா?"

"தெரியுங்கம்மா. பாதி நடந்துருச்சு."

பேசச் சொன்னார். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. பிச்சைமணி அண்ணன் பின்னால் நின்று பார்த்தாராம், ஒன்பது நிமிடம் என்றார். நான் அழகாகப் பேசவில்லை. ஒரு இடத்தில் தேதியை மாற்றிச் சொல்லித் திருத்திக்கொண்டேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ள மறந்துவிட்டேன். உத்தரவு நாளை.

டிசம்பர் 24, செவ்வாய்

ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்!

மாலை நான்கரைக்கு உத்தரவு. இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், வி.ஏ.ஓ. சான்றிதழ் வேண்டும். அற்புதத்தின் கொழுந்தனாரும் நானும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. நாளை விடுமுறை.

கிறிஸ்துமஸுக்கு இருப்பீங்கண்ணே என்று நான்தான் சொன்னேன்.

டிசம்பர் 25, புதன்

வீட்டில் இருந்தேன். அடுக்களை நாட்காட்டியில் அந்தச் சிவப்பு வட்டம் இருந்த தாள் எப்போதோ கிழிந்து போய்விட்டது.

டிசம்பர் 27, வெள்ளி

சான்றிதழ் நேற்றுச் சாயங்காலம்தான் கிடைத்தது. இன்று மூன்று மணிக்கு ஜாமீன்தாரர்களை ஏற்றுக்கொண்டார்கள். ஐந்தரைக்குச் சந்தியாகு வெளியே வந்தார். அந்தத் துவைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார்.

அற்புதம் எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருந்தார். எர்ணாகுளத்திலிருந்து வருபவர் பஸ் நிலையத்தில்தானே இறங்குவார்? ஜெசிந்தாவை அங்கே அழைத்துக்கொண்டு வந்து நிற்பார். கேரளாவிலிருந்து வந்த மாதிரி கொடுக்க நேந்திரம் சிப்ஸ் வாங்கி என்னிடம் முன்பே கொடுத்திருந்தார். நம் ஊர் பேக்கரியில் வாங்கியதுதான். ஒரு பயணப் பையும் கொடுத்திருந்தார், உள்ளே பழைய துணி. சந்தியாகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் சிப்ஸ் பொட்டலத்தோடு பின்னால் போனேன்.

அவள் ஓடி வரவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். சந்தியாகு பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, அப்பா எர்ணாகுளத்துல இருந்து வரலடா. ஜெயில்ல இருந்து வாரேன்."

அற்புதம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியும்" என்றாள் ஜெசிந்தா. "ஸ்கூல்ல சொன்னாங்க. நீ சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, "அந்தச் சிப்ஸ் எனக்கா?" என்று கேட்டாள். கொடுத்தேன்.

ஸ்டார் இன்னும் கட்டவில்லையாம். யாரையும் தொட விடவில்லையாம். இன்று கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு மூன்று பேரும் நடந்து போனார்கள். இரண்டு நாள் தாமதம். அந்த இரண்டு நாள் என் கணக்கில் இருக்கிறது. அதை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது.

டிசம்பர் 28, சனி

இன்று வேலை இல்லாத வக்கீல் நான். காலையில் அம்மா கழுத்துப் பட்டையைத் துவைத்து, நீலம் அளவாகப் போட்டு, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

சிறையில் புதிதாக ஒருவர். என் அப்பா வயது இருக்கும். கம்பிக்கு அருகே வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருவேனாம்மா?"

"தெரியலய்யா" என்றேன். "உங்கள உள்ள வச்ச தேதியச் சொல்லுங்க."

அவர் சொன்னார். எழுதிக்கொண்டு, அவர் எதிரிலேயே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.